நாற்காலியைச் சுற்றி ஒரு கோடு: மாசமாக இருக்கும்போது கபடிப் பயிற்சி கொடுப்பது எப்படி

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே, பாமணியாற்றுப் பக்கம் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளின் கபடி அணி என் பொறுப்பு. ஒரு மார்ச் மாதக் கடைசியில் நான் மாசமாக இருப்பது தெரிந்தது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டி வந்துவிடும். அணியை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடு என்று சொன்னவர்கள் நிறைய. எப்படி ஒதுங்காமல் செய்யலாம் என்று சொல்லத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை. இப்போது தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் தங்கைகள் என்னிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன். கபடியை வைத்துச் சொன்னாலும் கோ கோ, கைப்பந்து சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை: பதிவும் ஒரு நேரடிக் கேள்வியும்

உறுதியானதும் உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம், அதாவது கிராம சுகாதார செவிலியரிடம், 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். அவர் தரும் பிக்மி எண்தான், அதாவது கர்ப்பப் பதிவு எண்தான், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கூடவே வரும்.

அடுத்தது டாக்டர். "விளையாட்டு டீச்சரா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் சொன்னேன். "பரவாயில்லை, செய்யுங்க" என்றார். கிரவுண்டு ஓரமாக நின்று விசில் அடிக்கிற வேலை என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டாம் தடவை விவரமாகச் சொன்னேன்: வாரத்துக்கு ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம், மண் களத்தில் பிள்ளைகளைப் பிடித்துக் காட்டுகிறேன், விழுந்து எழுகிறேன், ஸ்கூட்டரில் போய் வருகிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் உருப்படியான பேச்சு தொடங்கியது. நீங்களும் அப்படியே அசைவு அசைவாகச் சொல்லிக் கேளுங்கள்.

நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, பி.பி. அதிகம், இரட்டைப் பிள்ளை, முன்பு குறைமாதப் பிரசவம், கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள். சிக்கல் எதுவும் இல்லை என்றால் பயப்படத் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி கர்ப்பிணிகளுக்கு நல்லது என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். இதே காரணத்துக்காக "கபடி கபடி" என்று மூச்சுப் பிடித்துப் பாடிக் காட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு அது சோகை. நம் பக்கம் இது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். அந்த நிலையில் வெயிலில் நின்றால் சீக்கிரம் தலை சுற்றும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். எலுமிச்சம்பழச் சாறோடு போட்டால் நன்றாக உடம்பில் ஏறும்.

இன்றிலிருந்து களத்துக்குள் இறங்குவதில்லை

இதில் நான் கறாராக இருக்கிறேன். முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்பெலும்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, அதுவரைக்கும் பிடித்துக் காட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். 12 வாரம் வரை அது உள்ளே இருப்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில்தான் மசக்கையும் தலைசுற்றலும் உச்சத்தில் இருக்கும். பிறகு வயிறு வெளியே வரத் தொடங்கும். மூட்டுகளும் கர்ப்பகாலச் சுரப்புகளால் தளரும். எடை முன்னால் சாயும். நீங்கள் பத்து வருடமாக நம்பிய கணுக்கால் ஒரு திருப்பத்தில் மடங்கிவிடும். என்றைக்கு நிறுத்துவது என்று நாள் தள்ளிக்கொண்டே போனால், நிறுத்துகிற நாள் ஒரு அடிபட்ட நாளாகத்தான் இருக்கும்.

கோடு போடுவது, மண் கொத்திவிடுவது, மேட் தூக்குவது, தண்ணீர்க் குடம் சுமப்பது எல்லாம் பிள்ளைகளுக்குள் முறை வைத்துக் கொடுத்துவிடுங்கள். சுண்ணாம்புத் தூள் பறக்கும்போது தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளோடு படுத்து வயிற்றுப் பயிற்சி செய்து காட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். நாலாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் ஆகாது.

நாற்காலியை எங்கே போடுவது

பெண்களுக்கான கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். போட்டியில் அவுட் ஆனவர்கள் உட்காரும் கட்டம் முடிவுக் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும். பயிற்சியாளரும் பெரும்பாலும் அந்தப் பக்கமே இருப்பார். மாசமாக இருப்பவருக்கு அந்த 2 மீட்டர் போதாது. ஏன் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம். பாடி வந்த பெண்ணை மூன்று பேர் சேர்ந்து வெளியே தள்ளினார்கள். நான் ஆட்டத்தில் லயித்து எழுந்து இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டிருந்தேன். நாலு பேரும் ஒரு குவியலாகச் சரிந்து என் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புழுதி மட்டும் என் முட்டி வரைக்கும் ஏறியிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நாற்காலியைக் களத்தின் மூலைக்குக் கோணலாக, கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளிப் போட்டேன். பக்கவாட்டில் தள்ளுபவர்களும் பின்னால் தள்ளுபவர்களும் அந்த மூலைக்கு நேராக வருவது குறைவு. ஒரு பாதிக் களம்தான் நன்றாகத் தெரியும். இடைவேளையில் நாற்காலியை எதிர் மூலைக்கு மாற்றச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் நாற்காலியைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம். "மிஸ், இதுக்குள்ள கால் வெச்சா அவுட்டுன்னு நாங்களே ரூல் போட்டுட்டோம்" என்றாள் என் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவள். நான் அதுவரை பிள்ளைகளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிடித்துக் காட்டுவதை நிறுத்திய அன்றே அவர்களுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது.

அந்த வட்டம் அவர்களைவிட என்னைத்தான் அதிகம் கட்டிப்போட்டது. எழுந்து நிற்கலாம், வட்டத்துக்குள்ளேயே இரண்டு எட்டு நடக்கலாம், அதைத் தாண்டுவதில்லை. நீங்களும் அப்படி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ள நாற்காலியாக இருக்கட்டும். ஆறாம் மாதத்துக்கு மேல் ஸ்டூலிலிருந்து எழுவது கஷ்டம். ஒரேயடியாக உட்காரவும் வேண்டாம், ஒரே இடத்தில் நிற்கவும் வேண்டாம். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிக் கண் இருட்டும்.

காட்டாமல் சொல்லிக்கொடுப்பது

எனக்குப் பெரிய பயம் இதில்தான் இருந்தது. நான் காட்டிக் காட்டியே சொல்லிக்கொடுத்தவள். "இப்படிப் பிடிடி" என்று போய்ப் பிடித்துவிடுவேன். உடம்பை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று கவலைப்பட்டேன். ஒரு மாதத்தில் தெரிந்தது, நான் இத்தனை வருடம் கவனிக்காமல் விட்டது எவ்வளவு என்று.

நின்றுகொண்டு பார்த்தால் கண் ஆட்டக்காரியின் கைக்கும் தோளுக்கும்தான் போகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் பார்வை முட்டி மட்டத்துக்கு இறங்குகிறது, கால்கள் தெரிகின்றன. என் இடது கார்னர் கணுக்கால் பிடிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், பாய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வலது குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிவிடுவாள். எதிரணியிலிருந்து பாடி வரும் நல்ல ரைடர் அதைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொள்வாள். இரண்டு வருடமாக அவளை "லேட்டா போறே, லேட்டா போறே" என்று திட்டியிருக்கிறேன். அவள் லேட்டாகப் போகவே இல்லை. பாயப் போவதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குதிகாலுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டையை வைத்து, பாய்கிற வரைக்கும் அது நகரக் கூடாது என்றேன். பத்து நாளில் சரியானது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதல் வாரத்திலேயே மூத்த பிள்ளைகளில் இரண்டு பேரைக் காட்டுபவர்களாக வையுங்கள், ஒருத்தி ரைடர், ஒருத்தி பிடிக்கிறவள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் மெதுவாகச் செய்யட்டும். மற்றவர்களிடம், "எந்தக் கால் முன்னால இருந்துச்சு? கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகுதான் அவர்கள் இறங்க வேண்டும். கால் வைக்கும் இடத்தைச் சுண்ணாம்பில் பாதமாக வரைந்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். போனஸ் என்கிற கூடுதல் புள்ளியைச் சொல்லித்தர இது ரொம்ப உதவும்: ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதியும்போது மற்றக் கால் காற்றில் இருக்க வேண்டும், எதிரணியில் குறைந்தது ஆறு பேர் நிற்க வேண்டும். வாயால் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாதது, வரைந்த பாதத்தின் மேல் ஒரு தடவை கால் வைத்துப் பார்த்தால் ஏறிவிடும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டுவதும் நல்லது. எடுப்பதை ஒரு பிள்ளையிடமே கொடுங்கள். அவள் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வாள்.

குரலுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். மாதம் ஏற ஏற மூச்சு குறுகும், கத்தினால் நெஞ்செரிச்சல் வரும், சிறுநீரும் கசியலாம். நாங்கள் கைதட்டலில் குறி வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் கை கோத்துச் செயின் போட்டவர்கள் நெருங்க வேண்டும். இரண்டு என்றால் நடுப்பக்கம் நிற்கும் கவர் பின்வாங்க வேண்டும். மூன்று என்றால் ரைடரின் 30 விநாடி முடியப் போகிறது, பொறுமையாக நில்லுங்கள். ஆறு வாரத்தில் பிள்ளைகள் நான் தட்டும் முன்பே நகர ஆரம்பித்தார்கள். ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்க எல்லாப் போட்டியிலும் விட மாட்டார்கள் என்பதால், பயிற்சியில் பழகியதை அவர்களே நினைவு வைத்து ஆடுவதற்கும் இது உதவியது.

யாரிடம், எப்போது

தலைமையாசிரியரிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முடியட்டும் என்று வீட்டில் சொல்வார்கள். களத்தில் வேலை செய்கிறவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. சொல்லும்போதே கையில் ஒரு தாளில் திட்டத்தோடு போங்கள்: யார் உதவிக்கு, எந்த மாதம் வரை நீங்கள், போட்டிக்கு யார் கூட வருவது. எங்கள் சாரிடம் நான் ஹரிகா துரோணவல்லியைப் பற்றிச் சொன்னேன். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் அவர் ஒன்பதாம் மாதத்தில் ஆடினார். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. "அது உட்கார்ந்து ஆடுற ஆட்டம்மா" என்றார். "நானும் இனிமே உட்கார்ந்துதான் சார் வேலை பார்க்கப் போறேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

வீட்டுப் பெரியவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் தேவையில்லை. என் மாமியார், "வாயும் வயிறுமா இருக்கிறவ கூட்டத்துல நிக்கலாமா, கண்ணு படாதா" என்று அழுதார்கள். ஒருநாள் அவர்களையே கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி. சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்தார்கள், பிள்ளைகள் அதை ஒதுங்கிப் போவதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு தினமும் பிளாஸ்க்கில் கஞ்சி வந்தது.

விடுப்பு: தமிழ்நாட்டில் நிரந்தர அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியார் பள்ளியிலோ தொகுப்பூதியத்திலோ இருந்தால் உங்கள் நியமன ஆணையில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு, விடுப்பை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயில், தண்ணீர், கழிப்பறை

மே மாத டெல்டா வெயிலில் வண்டல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் கால் மாட்டும். செருப்பைத் தவிர்த்துப் பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். கால் வீங்கும் என்பதால் ஒரு அளவு பெரியதாக. பயிற்சியைக் காலை 6 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏழரைக்குள் முடியட்டும். முதல் மூன்று மாதத்தில் உடம்பு அதிகமாகச் சூடாவது கருவுக்கு நல்லதில்லை. மசக்கைக்கு, படுக்கையிலிருந்து எழும் முன்பே கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ மென்றுவிட்டு எழுந்தால் வாந்தி மட்டுப்படும். தண்ணீர், உப்புப் போட்ட மோர், நீராகாரம் எல்லாம் நல்லது. சர்க்கரைப் பரிசோதனையில் அதிகம் என்று வந்திருந்தால் இளநீரையும் குளுக்கோஸ் தண்ணீரையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். போட்டி நடக்கும் பல மைதானங்களில் பெண்கள் கழிப்பறை பூட்டியே இருக்கும். அதற்குப் பயந்து நாம் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். கர்ப்பத்தில் அது நேராகச் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும், தொற்று குறைமாத வலி வரைக்கும் போகலாம். போனதும் முதல் வேலையாகச் சாவி யாரிடம் என்று கேட்டு வாங்கி உங்கள் பையில் வையுங்கள். உங்கள் அணிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அது.

இன்னொன்று, அம்மை. பிள்ளைகள் கூட்டத்தில் வேலை செய்கிறோம். உங்களுக்குச் சிறு வயதில் சின்னம்மை வந்ததா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள். வராதவர் என்றால், அணியில் யார் வீட்டிலாவது வேப்பிலை கட்டியிருக்கிறது என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் போங்கள். உடம்பில் தடிப்போடு காய்ச்சல் வந்த பிள்ளை ஆறும் வரை பயிற்சிக்கு வர வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

போட்டி நாள்

எனக்குக் குறுவட்டம் ஆறாம் மாதத்தில் வந்தது. முந்தின வாரமே ஒரு பெண் ஆசிரியையை உதவிக்குச் சேர்த்தேன். பேருந்தில் பின் சக்கரத்துக்கு மேலே உட்காராமல் நடு வரிசையில் உட்காருங்கள். காரில் போனால் பெல்ட்டின் கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில் தொடையோடு ஒட்டிப் போக வேண்டும். பிள்ளைகளை லோடு வண்டியில் ஏற்றிப் போகும் வழக்கத்துக்கு நீங்கள் மாசமாக இல்லாவிட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

பையில் தாய் சேய் அட்டை, கணவர் நம்பர் எழுதிய தாள், வேர்க்கடலை, மாற்றுத் துணி. மைதானத்திலிருந்து பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உதவி ஆசிரியையின் போனிலும் 108 இருக்கட்டும். போட்டி நடத்துபவரிடம் போய், "நான் மாசமா இருக்கேன், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. தீர்ப்பில் தகராறு வந்து கூட்டம் சேர்ந்தால் நீங்கள் போகாதீர்கள். கேப்டன் போய்ப் பேசட்டும். எனக்கு அன்றைக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இந்த ஒன்றுதான்.

விட்டுவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

ரத்தக்கசிவு, நீர் ஒழுகுவது, வயிறு விட்டுவிட்டு இறுகுவது, நெஞ்சுவலி, கண் மங்கலோடு கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, குழந்தை அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் கிளம்புங்கள். தலைச்சன் என்றால் அசைவு பொதுவாக 18 முதல் 20 வாரத்தில் தெரியும்.

வயிற்றில் அடிபட்டாலோ விழுந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெளியே ரத்தம் தெரியாமலே உள்ளே நஞ்சுக்கொடி பிரியலாம். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஊசி தேவைப்படலாம். பிள்ளைகளின் முதலுதவிப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வளைகாப்புக்கு முன்னால் ஒப்படைப்பது

ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதனால் ஒப்படைப்பு ஆறாம் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழை பிடித்தால் நம் களிமண் சோப்புப் போட்டது போல வழுக்கும். ஈரக் களத்தின் பக்கமே போகாதீர்கள், தேங்கின நீரில் காலும் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் இருக்கிறது. நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: எந்தப் பிடி நன்றாக வரும், எந்த முட்டியில் பழைய வலி, யார் வீட்டில் இருட்டும் முன் அனுப்ப வேண்டும், யார் காலையில் சாப்பிடாமல் வருவாள். உதவிக்கு வந்த டீச்சருக்குக் கபடி தெரியாது. அந்த நோட்டை வைத்துத்தான் சமாளித்தார்.

திரும்பி வருவது

சுகப்பிரசவம் என்றாலும் ஆறு வாரப் பரிசோதனை முடியாமல் களத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். முதலில் நடை, சிறுநீரை அடக்குவது போல இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. ஓட்டமும் குதியும் மூன்று மாதத்துக்குப் பிறகு. ஆபரேஷன் என்றால் இன்னும் தள்ளும். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்றால் பிடித்துக் காட்ட உடம்பு இன்னும் தயாராகவில்லை, டாக்டரிடம் கேளுங்கள். பயிற்சிக்குக் கிளம்பும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடுங்கள், மார்பு கனத்தோடு போய் நிற்க முடியாது.

நான் திரும்பிப் போன அன்று நாற்காலி பழைய மூலையிலேயே கிடந்தது. சுண்ணாம்பு வட்டம் மழையில் கரைந்து போயிருந்தது. என் இடது கார்னர் பன்னிரண்டாவது முடித்துப் போய்விட்டாள். அவள் இடத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளையின் குதிகாலுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை இருந்தது.